இதெல்லாம் ஒரு மழையா?

முதல் துளி விழுந்ததும் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். பெரிப்பா மற்றவர்களைப் பார்ப்பார். எந்தப் பெண் முந்தானையைத் தலைக்கு இழுக்கிறாள், எந்தப் பையன் செல்போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றுகிறான், எவன் ஒதுங்க இடம் தேடி ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணை ஓட்டுகிறான் என்று ஒரு கணக்கெடுப்பை முடித்துவிட்டு, தோளில் கிடக்கும் துண்டைக்கூட நகர்த்தாமல் கேட்பார்:

"இதெல்லாம் ஒரு மழையா?"

பதில் சொல்லக் கூடாது. சொன்னால் 1984-லிருந்து ஆரம்பிப்பார். சொல்லாவிட்டாலும் 1984-லிருந்துதான் ஆரம்பிப்பார். ஆனால் வாயைத் திறக்காதவர்களுக்கு நடக்கிற மூச்சாவது மிஞ்சும்.

பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிற குழு எதுவானாலும் அதில் ஒரு பெரிப்பா உண்டு. யாருக்கு உண்மையிலேயே பெரியப்பா என்று யாருக்கும் தெரியாது. அவரைத் தலைவராக யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. யாராவது எடுத்துச் சொல்லி நீக்கியதும் இல்லை. ஆடியில் பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு நடப்பார். ஆவணியில் காவி கட்டிக்கொண்டு மாதாவுக்கு நடப்பார். நடக்கிற தூரமும் நனைகிற ஆட்களும் இருந்தால் அவருக்குப் போதும். பெரியபாளையத்து வழியில் மழை பிடித்தால் அதில் தனியாக உரிமை வேறு கொண்டாடுவார். அங்கே ஓடும் ஆரணியாறு கடைசியில் பழவேற்காடு ஏரியில்தான் வந்து சேர்கிறது அல்லவா? "நம்ம ஏரித் தண்ணிதாம்பா இது. நமக்கு முன்னாடி ஊட்டுக்குப் போவுது, அவ்ளோதான்."

வேளாங்கண்ணி நடை அப்படி ஒன்றிரண்டு நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை. 350 கிலோமீட்டருக்கு மேல். 1515-இல் போர்ச்சுகீசியர் எழுப்பியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக் கிளம்பினால் பொன்னேரி, மீஞ்சூர், திருவொற்றியூர், ராயபுரம், சாந்தோம், பெசன்ட் நகர். அதற்கப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துக்கொண்டு மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று தெற்கே இறங்கவேண்டியதுதான். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. அதற்குள் போய்ச் சேர வேண்டும். இத்தனை ஊர்களிலும் ஏதாவது ஒன்றில் மழை பெய்யாமல் இருக்காது. பெய்த ஒவ்வொன்றுக்கும் பெரிப்பா மார்க் போடாமலும் இருக்கமாட்டார்.

மார்க் என்றால் நிஜமாகவே மார்க். பத்துக்கு இத்தனை என்று. கோவளத்தில் பெய்ததற்கு ஒன்றரை. மாமல்லபுரத்தில் இரண்டு, இடி கொஞ்சம் பரவாயில்லை என்று அதில் அரை மார்க் கருணை. கல்பாக்கம் தாண்டி ஒரு சாயங்காலம் எதிரே வரும் லாரி தெரியாத அளவுக்குக் கொட்டி, குழுவின் காவி வேட்டிகள் எல்லாம் சாயம் விட்டு, பைக்குள் இருந்த வெள்ளைச் சட்டைகள்கூட சந்நியாசம் வாங்கிக்கொண்டன. அதற்கு மூன்று. "மூணு ஜாஸ்திதான். பொம்பளைங்க பயந்துட்டாங்களேன்னு போட்டேன்."

பத்துக்குப் பத்து வாங்கியது ஒரே ஒரு மழை. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அருகே கரையைக் கடந்த புயல். பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் கிடக்கும் அந்தத் தீவு, உலகத்துக்கு ராக்கெட் விடுகிற இடம். ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகாதே என்று தடை போடும் இடம் என்பதுதான் குப்பத்துக்காரர்களின் கணக்கு. பெரிப்பாவைப் பொறுத்தவரை அந்தத் தீவில் நடந்த ஒரே முக்கியமான சம்பவம் 1984 புயல். அன்று அவர் ஒரு படகைப் பனைமரத்தில் கட்டிக் காப்பாற்றினார். இது பொன்னேரியில் சொல்லும் பாடம். மாமல்லபுரம் வருவதற்குள் படகு மூன்றாகிவிடும். புதுச்சேரியில் பனைமரம் சாய்ந்துவிடும். படகுகளை அவர் கையிலேயே பிடித்துக்கொண்டு விடிய விடிய நிற்பார். தண்ணீர் ஏறிய வேகத்தில் பழவேற்காட்டு டச்சுக்காரர் கல்லறையில் முந்நூறு வருஷமாகப் படுத்திருந்தவர்களே எழுந்து மேட்டுப் பக்கம் போனார்கள் என்பது சிதம்பரத்துப் பதிப்பு.

ஒருமுறை, நர்சிங் படிக்கிற தங்கச்சி மகள் ஒருத்தி, சத்திரத்தில் பதிவு எழுதுவதற்காக எல்லாருடைய ஆதார் அட்டையையும் வாங்கியவள், சாதாரணமாகக் கேட்டாள்: "பெரிப்பா, எம்பத்தி நாலுல உங்களுக்கு எட்டு வயசுதான?"

"ஆதார்ல எழுதனவன் தப்பா எழுதிட்டான்" என்றார் பெரிப்பா. சத்திரத்தில் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வர நேரமானது.

மற்ற புயல்களுக்கும் மார்க் உண்டு. 1994 அக்டோபர் 31-இல் சென்னையில் கரையேறியதற்கு ஆறு. 2016 டிசம்பர் 12 வர்தாவுக்கு ஐந்து. காற்று சரி, மழை போதவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாமுக்கு நாலரை. சென்னையை இரண்டு நாள் மூழ்கடித்துவிட்டுப் போய் ஆந்திராவின் பாபட்லாவில் கரையேறியதை அவரால் மன்னிக்க முடியவில்லை. "இங்க வந்து நின்னுட்டு அங்க போறது இன்னா பழக்கம்?" 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்து, செம்பரம்பாக்கம் திறந்து, அடையாற்றங்கரை மூழ்கியது உலகத்துக்கே செய்தி. பெரிப்பாவிடம் அதற்கு ஏழுதான். "அது மழ இல்ல. ஏரியத் தொறந்துவுட்டது."

இவ்வளவு கறாராக மார்க் போடுவதற்கு ஊர் ஒரு காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆரணி, காளங்கி, சொர்ணமுகி ஆறுகள் கொண்டுவரும் நல்ல தண்ணீரும், முகத்துவாரம் வழியே ஏறும் கடல் தண்ணீரும் கலந்து கிடந்தால்தான் அதில் இறால் உண்டு, மடவை உண்டு, நண்டு உண்டு. கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக் குறுகும். ஐப்பசி கார்த்திகையில் ஆற்று வெள்ளம் வந்து அந்த மணலை இடித்துத் தள்ள வேண்டும். அப்போதுதான் பாடு. யாருக்கு எந்த நாள் எந்த இடத்தில் வலை போடும் முறை என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் அந்தப் பாட்டுக்கு ஏரியில் இறால் இருக்க வேண்டாமா? ஆகவே முகத்துவாரத்தைத் திறக்காத மழை எதுவானாலும் பெரிப்பா கணக்கில் ஃபெயில். ரோட்டில் நடக்கிறவனை நனைப்பதெல்லாம் மழைக்கு ஒரு வேலையா என்பது அவர் கட்சி.

இன்னொன்று, அந்த ஏரியில் பெரும்பாலான இடத்தில் ஆள் ஆழம்கூடக் கிடையாது. படகைவிட்டு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுக்கிறவர்கள் வாரத்தில் பாதி நாள் ஈரத்தோடுதான் இருக்கிறார்கள். அவரிடம் போய், "பெரிப்பா, நனைஞ்சிடுவோம்" என்றால் என்ன சொல்வார்?

அதனால் குழுவில் குடை எடுத்தவன் கோழை. ரெயின்கோட் போட்டவன் டவுன்காரன். வண்டியில் தார்ப்பாய் ஒன்று உண்டுதான். அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் சப்பரத்து மாதாவுக்கு, அடுத்து ஸ்பீக்கர் பெட்டிக்கு, அதற்கடுத்து ஜெனரேட்டருக்கு, அரிசி மூட்டைக்கு. நுனியில் ஏதாவது மிச்சமிருந்தால் சர்க்கரை நோய்க்காரக் கிழவிக்கு. இந்த வரிசையில் பெரிப்பாவுக்கு இடம் கிடையாது என்பது உண்மை. தார்ப்பாயின் கீழ் அவர் ஒருநாளும் நின்றதில்லை. அதுதான் மற்றவர்களை வாயடைக்க வைக்கும் சங்கதி.

பெரிப்பாவின் மற்ற வித்தைகளைச் சொல்லப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. ஒவ்வொரு டீக்கடையிலும் ஆள் எண்ணி ஒன்று குறைகிறது என்று பதறுவார், தன்னை எண்ணியிருக்கமாட்டார். கூகுள் மேப்பை நம்பமாட்டார். போகட்டும், மழைக்கு வருவோம்.

கடப்பாக்கத்திலிருந்து மரக்காணம் போகும் பாதையில் மழை பிடித்தால் அது தனி அனுபவம். ஆகஸ்ட் மழைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பகலெல்லாம் வெயில் கொளுத்தும். மூன்று நாலு மணிக்கு மேற்கே மேகம் திரளும். கச்சான் காற்று மண்வாசனையைக் கொண்டுவரும். அப்புறம் இடி, மின்னலோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி நட்சத்திரம் தெரியும். சென்னைப் பக்கத்து வருஷ மழையில் பெரும்பகுதி அக்டோபர் தொடங்கி வருவது. ஆகஸ்டில் பெய்வது அதற்கு முன்னோட்டம். அந்த வகையில் பெரிப்பா மூன்று மார்க்குக்கு மேல் போடாதது நியாயமான திருத்தம்தான்.

ஆனால் மரக்காணம் உப்பளத்து ஊர். மரம் கிடையாது, திண்ணை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீரும், வெள்ளையாக உப்புக் குவியலும். உப்புக் குவியலுக்குக்கூடத் தார்ப்பாயோ ஓலையோ போட்டு மூடியிருப்பார்கள். மூடாமல் நடக்கிற உருப்படி காவி வேட்டிக்காரர்கள் மட்டும்தான். அந்த வெட்டவெளியில், தலைக்கு மேல் கிழிக்கும் மின்னலுக்கு நடுவில், பெரிப்பா பின்னால் திரும்பாமல் சொல்வார்: "நடங்கப்பா, நடங்க. ரெண்டுதான் போடலாம் இதுக்கு."

ஆனால் மரக்காணத்தில் சமீபகாலமாக அவருக்கு மவுசு குறைந்துவிட்டது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறியது. ஏறியது போகாமல் அங்கேயே நின்றுகொண்டு பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல். இது தெரியாமல் பெரிப்பா நடையின்போது மரக்காணத்து டீக்கடையில் போய், ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, "இதெல்லாம் ஒரு மழையா?" என்றார்.

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்: "ஃபெஞ்சலுக்கு எங்கண்ணே இருந்தீங்க?"

"ஊர்ல."

"அப்ப நீங்க மழையப் பாக்கல."

குழுவில் இருந்த எல்லாருக்கும் அன்றைக்கு அந்த டீ அமிர்தம். பெரிப்பா 1984-ஐ எடுத்து வைத்தார். கடைக்காரர் மார்பளவுத் தண்ணீரில் கேஸ் அடுப்பைத் தூக்கி நின்ற கதையை எடுத்து வைத்தார். பெரிப்பா படகு எண்ணிக்கையை ஐந்துக்கு உயர்த்தினார். கடைக்காரர் சிலிண்டரையும் தூக்கினார். ஆட்டம் சமனில் முடிந்ததாக வெளியே வந்து பெரிப்பா சொன்னார். கூட இருந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

வெளியூர் ஆட்டங்கள் அங்கிருந்துதான் ஆரம்பம். இந்தக் கடற்கரையில் ஒவ்வொரு ஊருக்கும் சொந்தமாக ஒரு புயலும், அதற்கு முழுநேரக் காவலாக ஒரு பெரிப்பாவும் இருக்கிறார்கள். கடலூரில் அது 'தானே' புயல்; 2011 டிசம்பர் 30. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போன கதையை அங்கே கண்ணீரோடு சொல்வார்கள். காரைக்காலில் 2008 நவம்பரில் வந்த நிஷா. நாகப்பட்டினத்தில் 2018 நவம்பர் 16-இல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறிய கஜா. அங்கே இன்னும் பழைய ஆளாக மாட்டிக்கொண்டால், அப்பா சொன்னார் என்று 1952-ஐ எடுத்து வீசுவார். தெற்கே போகப் போகப் பெரிப்பாவின் 1984 இளைத்துக்கொண்டே வரும். நாகூர் தாண்டும்போது அவரே மார்க்கை ஒன்பதுக்கு இறக்கியிருப்பார்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர் மார்க் போட்டதில்லை. 2004 டிசம்பர் 26. பழவேற்காட்டுக் குப்பங்களுக்குள்ளும் அன்று கடல் வந்தது. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடற்கரையில் நின்றிருந்த யாத்ரீகர்களை அள்ளிக்கொண்டு போனது. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகும் கடைசி நீட்டில் மழை பெய்தாலும் பெரிப்பா எதுவும் சொல்வதில்லை. யாராவது பொடியன், "பெரிப்பா, சுனாமிக்கு எத்தன?" என்று வாயைக் கிளறினால், "நடடா" என்பார். அவ்வளவுதான். இந்த ஒரு இடத்துக்காக அவரைப் பல இடங்களில் மன்னித்துவிடலாம்.

எல்லா இடத்திலும் மன்னிக்க முடியாது.

நனைந்தால் ஆண்பிள்ளைகள் ரோட்டோரமாகத் துண்டைக் கட்டி வேட்டியை மாற்றிவிடுவார்கள். ஈரப் புடவையோடு நடக்கிற பெண்களுக்கு அது முடியாது. அவர்களுக்குக் கதவு உள்ள ஓர் அறை வேண்டும். பக்கத்தில் கழிப்பறை வேண்டும். அது கிடைக்கிற கல்யாண மண்டபத்தையும் பள்ளிக்கூடத்தையும், "இதெல்லாம் ஒரு மழையா?" என்ற ஒரே கேள்வியில் தாண்டிப் போய்விடுகிறார் பெரிப்பா. தொடை உரசிப் புண்ணாகி, வெறுங்காலில் ஊறிய தோல் தார் ரோட்டில் உரிந்து, ராத்திரி காய்ச்சலில் கிடப்பவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான். பெரிப்பாவுக்கு ஒரு தும்மல்கூட வராது. தனக்கு வராததால் மற்றவர்களுக்கு வருவதெல்லாம் நடிப்பு என்று அவர் முடிவு கட்டியிருப்பதுதான் குற்றச்சாட்டு.

இரண்டாவது குற்றச்சாட்டு மின்னல். மழை குறைவு என்பதால் மின்னல் ஆபத்து குறைந்துவிடாது. பத்துக்கு ஒரு மார்க் வாங்கும் மழையும் ஆளைக் கொல்லும். மழை மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னல் தாக்கிச் சாகிறார்கள். வயலிலும் வெட்டவெளியிலும் மரத்தடியிலும் நின்றவர்கள்தான் அதில் அதிகம். புணே வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்று ஒரு செயலியே கொடுத்திருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழ வாய்ப்பிருந்தால் போனில் எச்சரிக்கும். நர்சிங் பெண் அதைக் காட்டினாள். பெரிப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எங்கியோ விழற மின்னலுக்கு நாம எதுக்கு நிக்கணும்?" என்றார். உப்பளத்து நடுவில், சுற்றிலும் தண்ணீர், அந்தப் பக்கத்திலேயே உயரமான பொருள் இரும்புக் கம்பியில் கட்டிய சப்பரத்துக் கொடி. அதற்கு அடியில் நின்றுகொண்டு இதைச் சொன்னார். அவரோடு சண்டை போட அன்றைக்கு யாருக்கும் தைரியம் வரவில்லை.

மாதாவே புயலிலிருந்து காப்பாற்றியவள்தானே என்று வாதாடுவார். 17-ஆம் நூற்றாண்டில் மக்காவோவிலிருந்து இலங்கைக்குப் போன போர்ச்சுகீசிய மாலுமிகள் புயலில் சிக்கி, மாதாவை வேண்டிக்கொண்டு, செப்டம்பர் 8 அன்று வேளாங்கண்ணியில் கரை சேர்ந்தார்கள் என்பது அந்தக் கோயிலின் மரபு. சரிதான். ஆனால் அந்த மாலுமிகள், "இதெல்லாம் ஒரு புயலா?" என்று கேட்டுக்கொண்டு நடுக்கடலிலேயே நிற்கவில்லை. கரையைப் பார்த்ததும் ஒதுங்கினார்கள்.

ஆவணி நடைக்குக் கிளம்பும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். இடி கேட்டால் நடையை நிறுத்துங்கள். மரத்தடி வேண்டாம், மின்கம்பத்தடி வேண்டாம். கூரையும் சுவரும் உள்ள கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை கிளம்பாதீர்கள். பெரிப்பா துடிப்பார். அவர் கையில் ஒரு டீயைக் கொடுத்து, எண்பத்தி நாலில் என்னதான் நடந்தது என்று கேட்டுவிடுங்கள். அரை மணிக்குக் குறைந்து அவர் முடித்ததில்லை. மரக்காணம், மாமல்லபுரம் மாதிரி இடங்களில் பெண்கள் உடை மாற்றக் கதவுள்ள அறை எங்கே இருக்கிறது என்று முந்தின நாளே போனில் விசாரித்து வையுங்கள். அந்த போனைப் பெரிப்பாவிடம் கொடுக்காதீர்கள்.